நாய்க்குக் கிடைத்த பார்வை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். பரம்பரைக் கண் நோய் ஒன்றுக்கு ஒரு நாய் மூலம் சிகிச்சை பிறந்த கதை இது.

நோயின் பெயர் லீபர் கன்ஜெனிடல் அமோரோசிஸ். குழந்தைக்குப் பிறவியிலேயே பார்வை மிகவும் குறைவு. இதற்குக் காரணமான பல ஜீன்களில் ஒன்று ஆர்.பி.இ.65. வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் வைட்டமின் ‘ஏ’யிலிருந்து உண்டான ஒரு பொருள் உருமாறுகிறது. அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் என்ஸைமைத் தருவது இந்த ஜீன்தான். அது பழுதானால் கண், ஃபிலிம் தீர்ந்துபோன காமிரா.

பிரான்ஸில் ஆடு மேய்க்க வளர்த்த நாய் ஜாதி பிரியார்ட். ஸ்வீடனில் இந்த ஜாதிக் குட்டிகள் சில பிறவியிலேயே இருட்டில் பார்வையற்று இருப்பதை 1989-ல் கிறிஸ்டினா நார்ஃப்ஸ்ட்ரோம் என்ற கால்நடைக் கண் மருத்துவர் விவரித்தார். காரணம் அதே ஜீன் என்பது 1998-ல் தெரிந்தது.

2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், தீங்கற்ற வைரஸ் ஒன்றில் நல்ல ஜீனை ஏற்றி, மூன்று நாய்களுக்கு விழித்திரையின் அடியில் ஊசியால் செலுத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் லான்ஸ்லாட். சிகிச்சை பெற்ற கண் இருந்த பக்கம் நாய்கள் எதிலும் முட்டிக்கொள்ளவில்லை, மறுபக்கம் முட்டிக்கொண்டன. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? 2007-ல் மனிதர்களுக்கான சோதனை லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் நடந்தது. 2017 டிசம்பரில் ‘லக்ஸ்டர்னா’ என்ற பெயரில் அமெரிக்க அரசு அங்கீகரித்தது. இரு கண்களுக்கும் சேர்த்து அப்போது வைத்த விலை 8,50,000 டாலர்!

“வாயில்லா ஜீவனை வைத்துச் சோதிக்கலாமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நமது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் இதற்கு நெறி வகுத்திருக்கிறது: சின்னப் பிராணியில் தெரிந்துகொள்ள முடிந்ததைப் பெரிய பிராணியில் செய்யக்கூடாது. எலியின் கண்ணோ சில மில்லிமீட்டர்தான். ஊசியை எங்கே, எவ்வளவு செலுத்துவது என்பதை மனிதக் கண்ணின் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும் நாயின் கண்ணில்தான் பழக முடியும். மேலும், இந்த நாய்களின் குருட்டுத்தன்மை மனிதன் ஊசி போட்டு உண்டாக்கியதல்ல, இயற்கையில் வந்தது. சோதனையால் அவையும் பார்வை பெற்றன.

ஆனால் அந்த இயற்கைக் குறை பரவியது எப்படி? ஜாதி சுத்தம் என்று நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் சேர்ப்பதால் இப்படிப்பட்ட குறைகள் வெளிப்படுகின்றன. மாமா பெண், அத்தை பிள்ளை என்று சம்பந்தம் செய்யும் நாமும் இதை யோசிக்க வேண்டும். தாய், தகப்பனார் இருவரிடமும் ஒரே ஜீன் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. உறவுக்குள் கல்யாணம் என்றால் இருவரிடமும் அது இருக்கும் சாத்தியம் அதிகம்.

இந்த சிகிச்சை, உயிரோடு இருக்கும் செல்களுக்குத்தான் உதவும். செத்த செல்லை எழுப்பாது. ஆகவே குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண் ஆடிக்கொண்டே இருக்கிறது, விரலால் கண்ணை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்றால், திருஷ்டி, ப்ராரப்தம் என்று நாளைக் கடத்தாதீர்கள். சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் ஜீன் ஆலோசனை கிடைக்கிறது. எந்த ஜீன் என்று தெரிந்தால்தான் எந்த சிகிச்சைக்கும் வழி.

வரன் பார்க்கும்போது கோத்திரம் கேட்கிறோம், நட்சத்திரம் கேட்கிறோம். குடும்பத்தில் கண் நோய் உண்டா என்றும் கேளுங்கள்.