அமைதியாக இருக்கும் பெண் பிள்ளை



வகுப்பில் ஓயாது கத்தி ஓடும் சிறுவனை எல்லாரும் கவனிக்கின்றோம். மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குச் சொல்லியனுப்புகின்றோம். அதே வகுப்பின் மூலையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் சிறுமியை "அடக்கமான பெண்" என்று பாராட்டுகின்றோம். அவள் நம் பிள்ளையாயின், "வீட்டில் படித்தவர் இல்லை, அதனால் பேசத் தெரியவில்லை" என்று பிறர் சொல்லி முடித்துவிடுகின்றனர். அவளுக்கும் ஆட்டிசம் இருக்கக்கூடும் என்பதையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் முறையில் இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடு. பிறருடன் பேசிப் பழகுவதில் இடர்ப்பாடு, ஒரே வகையான செயலிலும் ஆர்வத்திலும் ஆழ்ந்து நிற்றல், ஓசையையும் தொடுகையையும் தாங்க இயலாமை ஆகியன அதன் இயல்புகள். அது தாயின் வளர்ப்பால் வருவதன்று. செய்வினையால் வருவதும் அன்று.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் விவரித்த 11 குழந்தைகளில் எண்மர் சிறுவர், மூவரே சிறுமியர். மறு ஆண்டு வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரித்துரைத்த நால்வரும் சிறுவர்களே. பெரும்பாலும் சிறுவரைக் கண்டு வகுத்த அடையாளங்களே பின்னர் அளவுகோல் ஆயின. ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருத்தி என்று நெடுங்காலம் கணக்கிட்டனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, மூவருக்கு ஒருத்தி என்பதே உண்மைக்கு அருகில் என்றும், சிறுமியர் பலர் கண்டறியப்படாமல் விடுபடக்கூடும் என்றும் காட்டியது.

ஏன் விடுபடுகின்றனர்? பல சிறுமியர் தம் இடர்ப்பாட்டை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். தோழியர் பேசுவதையும் சிரிப்பதையும் கூர்ந்து நோக்கி அவ்வாறே செய்துகாட்டுகின்றனர். ஒரே தோழியைப் பற்றி நிற்பர். அவள் பிரிந்தால் நிலைகுலைவர். சினிமாப் பாட்டு, கோலம், ஆட்டுக்குட்டி என்று அவர்களுடைய ஆர்வங்களும் மற்றச் சிறுமியருடையவை போன்றவையே, ஆழந்தான் வேறு. பள்ளியில் நாள் முழுதும் நடித்துக் களைத்தவள், வீடு திரும்பியதும் அழுது தீர்ப்பாள். வீட்டில் அவளுக்குப் "பிடிவாதக்காரி" என்று பெயர். கண்டறியாது விட்டால் அச்சமும் மனச்சோர்வும் பெருகக்கூடும். பூப்பெய்திய பின் இத்தகைய பெண்ணைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு.

கூச்சமுடைய பெண் எல்லாரும் ஆட்டிசம் உடையவர் அல்லர். கூச்சம் பழகப் பழகத் தணியும். ஆட்டிசத்தின் இயல்புகள் சிறு வயது முதலே தொடர்ந்து வரும். அதனைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பெற்றோரை வினவியும் பிள்ளையை நேரில் கவனித்துமே மருத்துவர் முடிவு செய்வார். காது நன்கு கேட்கின்றதா என்பதையும் சோதித்தல் வேண்டும்.

இளைஞர்களே, இங்கேதான் உங்கள் கல்வி பயன்பட வேண்டும். பிள்ளை எப்போது பேசத் தொடங்கினாள், எதற்கு அஞ்சுகின்றாள், பள்ளி விட்டு வந்தபின் எவ்வாறு இருக்கின்றாள் என்பவற்றைத் தாய் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ உடன் செல்லுங்கள். "பள்ளியில் அமைதியாகத்தானே இருக்கின்றாள்" என்று எவரேனும் திருப்பியனுப்ப முயன்றால், அந்தத் தாளைக் காட்டுங்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. உரிய சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளைக் கோரலாம். அவை கருணையன்று, உரிமை.

ஒரு பிள்ளை பிறருக்கு எவ்வளவு தொல்லை தருகின்றாள் என்று அளந்தது போதும். அவள் எவ்வளவு தொல்லைப்படுகின்றாள் என்று இனிக் கேட்போம்.