தொழில் இரகசியமும் ஓர் அமானிதமே

(நமது அறக்கட்டளையின் வணிகர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு மசாலாத்தூள் வியாபாரி ஒருவர் எங்களிடம் வந்தார். ஆறு வருடம் கூடவே இருந்த தம்பி விலகிப்போய்த் தனிக்கடை போட்டுவிட்டார். கம்ப்யூட்டரிலிருந்த வாடிக்கையாளர் பட்டியல், கொள்முதல் விலை, சேர்மான அளவு எல்லாம் அவரோடு போய்விட்டன. "பொறுங்கள், பேசிப் பார்ப்போம்" என்று நாங்கள் மூன்று மாதத்தைக் கடத்திவிட்டோம். அது எங்கள் தவறு. தாமதித்துப் போகிறவருக்கு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கிடைப்பது கடினம். பிறகுதான் வழக்கறிஞரிடம் போனோம். அவர் விளக்கியதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் தொழில் இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, சிவில் வழக்கு. நம்பி ஒப்படைத்த இரகசியத்தைப் பயன்படுத்தக் கூடாதென்று தடையாணையும், நட்டத்துக்கு இழப்பீடும் கேட்கலாம். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் வழக்கு வலுவாகும்.

இரண்டு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். அனுமதியின்றிக் கம்ப்யூட்டரிலிருந்து விவரங்களை நகலெடுத்தால் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கோரலாம். நேர்மையற்ற எண்ணத்துடன் செய்திருந்தால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மூன்று, ஒப்படைத்த பொருளைக் கையாடினால் பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆம் பிரிவில் புகார். கோபத்தில் இல்லாததைச் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். விலகியவர் அதே தொழிலே செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்த முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் போட்டி நிறுவனத்துக்குப் போனவரை, அந்தக் காலம் வரை தடுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. அதற்கு மேல் அவர் கைத்தொழில் அவருக்குச் சொந்தம். நம் பட்டியல் மட்டுமே நம்முடையது.

வழக்கறிஞர் நோட்டீஸ் போனதும் அந்தத் தம்பி பேச வந்தார். அப்போதுதான் அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்பது எங்களுக்குத் தெரிந்தது. வியாபாரி தலை குனிந்தார். பாக்கி தீர்ந்தது, பட்டியலை அழித்து, இனிப் பயன்படுத்துவதில்லை என்று தம்பி எழுதிக் கொடுத்தார். பழைய வாடிக்கையாளரில் சிலர் திரும்பவில்லை.

ஆகவே, வேலைக்கு எடுக்கும்போதே தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். எது இரகசியம் என்று அதில் குறிப்பிடுங்கள். எல்லோருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். விலகும் நாளில் கணக்கு நோட்டு, கடை போன் எல்லாவற்றையும் கையெழுத்துடன் திரும்ப வாங்குங்கள். சம்பளத்தையும் அன்றே தீருங்கள். சந்தேகம் வந்தால் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், அந்த வாரமே எங்களிடம் வாருங்கள்.

அமானிதம் இரு தரப்புக்கும் உரியது. வஸ்ஸலாம்.