உண்டியலும் கணக்கேடும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் குமாரலிங்கபுரத்தில் ஆற்றிய உரை)



இன்று காலை நம் பொதுக்குழுவில் வரவு செலவு அறிக்கை படிக்கப்பட்டது. நோட்டுப் புத்தகம் வாங்கிய செலவு முதல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கூலி வரை வரி விடாமல் படித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தாயார் எழுந்து, "விளக்கு வாங்கினதுக்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். ரசீது காட்டப்பட்டது. அவரை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டும் நாம் கணக்குப் படிப்பதில்லை. ஊரார் காசு என்பதால் படிக்கிறோம்.

அதே தாயார் அதே கேள்வியை ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் வாசலில் கேட்டால் என்ன நேரும்? இன்றைய நம் பேச்சு அதைப் பற்றியது. கழகத்தில் எல்லாச் சமயத்தவரும் உள்ளோம். எனினும் கத்தோலிக்கக் குடும்பங்களின் மனக்குறை நெடுநாளையது. அதை வெளிப்படையாகப் பேச இந்த மேடையைவிட நல்ல இடம் நமக்கு இல்லை.

நம்முடையது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, மிளகாயும் இல்லை. கரிமூட்டத்திற்கும் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கும் போய்க் கொண்டுவரும் கூலியிலிருந்துதான் திருவிழா வரி, பூசைக் காணிக்கை, கல்லறைத் திருநாள் காணிக்கை, கட்டட நிதி எல்லாம் போகின்றன. மனமுவந்தே கொடுத்தோம், இனியும் கொடுப்போம். நாமறிந்த பங்கொன்றில் கல்லறைத் தோட்டத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வீடுதோறும் வசூல் நடந்தது. சுவர் பாதியில் நின்றது. பங்குத்தந்தை மாறிப் போனார். வசூல் நோட்டும் காணாமற்போயிற்று. புதிதாக வந்தவரிடம் கேட்டபோது, "அது எனக்கு முந்திய காரியம்" என்றார். மேலும் கேட்டவர்களுக்கு, கோயில் காரியத்தில் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்ற பேச்சுத்தான் பதிலாகக் கிடைத்தது. பணம் களவு போயிற்று என்று நாம் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியாது. தெரியாமல் வைக்கப்பட்டோம் என்பதே நம் குறை.

கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவா? திருச்சபை தன் சட்டத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 1983 ஜனவரியில் இரண்டாம் ஜான் பால் வெளியிட்டு, அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 537-ஆம் எண்ணில் விதிக்கிறது. பொறுப்பாளர்கள் வரவு செலவை ஒழுங்காக எழுதி, ஆண்டு முடிவில் கணக்கு முடிக்க வேண்டும் என்பது 1284. ஒரு நோக்கத்திற்கென மக்கள் தந்ததை அந்நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்பது 1267. கல்லறைச் சுவர்ப் பணம் சுவருக்கே என்பது இதன் பொருள். மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1287 கூறுகிறது. ஆயினும் அதில் ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. எப்படிக் கொடுப்பது என்பதை அந்தந்த இடத்துச் சட்டம் வகுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த விதியை வகுத்து நம் கையில் கொடுங்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

ஏனெனில் கணக்கு எழுதப்படாமல் இல்லை. பங்கின் கணக்கு ஆயர் இல்லத்திற்குப் போகிறது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளின் கணக்கு, 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, டில்லியிலுள்ள உள்துறை அமைச்சகத்திற்குப் போகிறது. டில்லிக்குப் போகும் கணக்கு, உண்டியலில் காசு போட்டவரின் தெருவுக்கு வர மட்டும் வழியில்லையா? மேலே ஏறத் தெரிந்த கணக்குக்குக் கீழே இறங்கவும் தெரிய வேண்டும்.

கேட்பாரும் சொல்வாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மலைக்கு மேற்கே, எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டத்தில் கண்டோம். மருத்துவக் கல்லூரிக்கென நிலம் வாங்கிய கடனை அடைக்க, கொச்சி நகரில் ஏறத்தாழ 3 ஏக்கர் நிலம் விற்கப்பட்டது. 27 கோடி ரூபாய் வர வேண்டிய விற்பனையில் 9 கோடி அளவே கைக்கு வந்தது. உரிய குழுக்களில் முறையாக வைக்காமல் நடந்த விற்பனை என்று குருக்களே 2017-இல் குரல் எழுப்பினர். பொதுநிலையினர் நீதிமன்றம் சென்றனர். கர்தினால் ஜார்ஜ் ஆலஞ்சேரி தாம் குற்றம் புரியவில்லை என்றே கூறிவந்தார். 2018 ஜூனில் போப் பிரான்சிஸ் நிர்வாகத்தை வேறொரு ஆயரிடம் ஒப்படைத்துக் கணக்கை ஆராயச் செய்தார். மறு ஆண்டு அந்த ஏற்பாடு முடிந்தது. வழக்கை நீக்கக் கோரிய கர்தினாலின் மனுவை 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தள்ளியது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் பதவி விலகினார். வழிபாட்டு முறை பற்றிய பூசலும் இதனுடன் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. 2019-இல் கேரளத்தில் திருச்சபைச் சொத்துகளுக்கென ஒரு சட்ட வரைவு வந்து, ஆயர்களின் எதிர்ப்பால் நின்றுபோயிற்று. கோயில் சாவியை அரசிடம் கொடுப்பதில் நமக்கும் தயக்கம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் கேட்கும் கேள்விக்கு விடை கிடையாவிட்டால் மக்கள் வீதிக்குப் போவார்கள்.

கொடுத்தவர் கேட்பது என்னும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், சாதி பிரிந்து நிற்பதற்கென்றே இரு கையாகக் கட்டப்பட்டது. 1910-இல் தடுப்பு அகற்றப்பட்டபோது வேளாளர் தரப்பு வழக்காடியது. அவர்கள் கோரிய தனி உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கொடுத்தோம், ஆகவே கோயில் எங்களுடையது என்பது ஒரு பேச்சு. கொடுத்தது என்ன ஆயிற்று என்பது வேறு பேச்சு. முதற்பேச்சு நம் வாயில் வரலாகாது. அந்தப் பேச்சால் காலமெல்லாம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம்.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கசக்கிறது. நம்மவர் ஒருவர் பங்குத்தந்தையாக வந்தால், அதுவரை கணக்கே கேளாத பெரிய தெருக்காரர்கள் திடீரென்று கணக்குக் கேட்கத் தொடங்குவார்கள். அதற்காக நம்மவரிடம் நாம் கேளாதிருப்பதும் சரியன்று. யார் வந்தாலும் ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே கேள்வி என்றாகிவிட்டால் அந்தச் சூழ்ச்சிக்கு இடமிராது. நேர்மையான குருவுக்கும் அதுவே பாதுகாப்பு.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டிலுள்ள ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித் மக்கள் என்று அப்போது ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் நம் பெயரால் வந்த நிதியில் எத்தனை பிள்ளைகள் கல்லூரி ஏறினார்கள், நம் பங்குப் பள்ளிகளில் எத்தனை ஆசிரியப் பணியிடம் நமக்குக் கிடைத்தது என்பவையும் கணக்கின் வரிகளே. ரூபாயோடு நின்றுவிட்டால் அது நமக்குப் பாதிக் கணக்கு.

இளைஞர்களே, இந்த வேலை உங்களுடையது. பேரேடு படிக்க இக்கழகத்தில் கற்றீர்கள். சந்தேகத்தை வதந்தியாக்காதீர்கள், காவற்கிணற்றடியில் ஒரு பெயரைக் கெடுப்பது எளிது. எழுதிக் கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வசூல், எவ்வளவு என்று குறித்துக் கேளுங்கள். காணிக்கை கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பங்கு நிதிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள், நம் தெருவிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்பதை முதற்கேள்வியாக வையுங்கள்.

பங்குத்தந்தைக்கும் ஆயருக்கும் அனுப்பவேண்டிய விண்ணப்பத்தின் வரைவு கழக அறையில் மேசைமேல் இருக்கிறது. மரியாதையான மொழியில், இரண்டே பக்கத்தில் எழுதியிருக்கிறோம். திருத்தம் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். வரும் ஞாயிறு மாலை வரை கையெழுத்திடலாம். காலையில் ரசீது கேட்ட தாயாரே முதலில் கையெழுத்திட வேண்டும் என்பது மூத்தோர் விருப்பம், அவரும் இசைந்திருக்கிறார்.