ஜாகாவின் பட்டியல்



தோட்ட நுழைவாயிலில் ஜாகா ஒருவர் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் மேசைமேல் ஒரு பட்டியல் இருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளின் எண்கள், உள்ளே வர அனுமதி பெற்றவர்களின் பெயர்கள், எந்த வாயிலை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. மழையில் நனைந்து அந்தப் பட்டியல் கிழிந்துபோனால், பழைய ஜாகாவுக்குக் கவலையில்லை. முகத்தைப் பார்த்தே ஆளை அறிவார். நேற்று வேலைக்கு வந்த ஜாகா என்ன செய்வார்? எல்லாரையும் தடுப்பார், அல்லது எல்லாரையும் விட்டுவிடுவார். இரண்டும் தோட்டத்துக்குக் கேடுதான்.

கணினி என்றைக்குமே புதிய ஜாகாதான். அதற்கு முகம் தெரியாது. பட்டியல் மட்டுமே தெரியும். பல பேருக்கு ஒரே நேரத்தில் தகவல் கொடுக்கும் பெரிய கணினியைச் சர்வர் என்கிறார்கள். அதற்குள் யார் நுழையலாம், எந்த வாயில் திறந்திருக்கலாம், யார் எந்த ஏட்டைப் படிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கும் சிறு கோப்புகளே பாதுகாப்பு அமைப்புக் கோப்புகள். அவற்றை நாள்தோறும் தானாகவே படி எடுத்து வைப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கூலாய்ப் பக்கம் போய்ப் பாருங்கள். கூலாய் யங் தோட்டம் என்று பெயர் பெற்றிருந்த 660 ஹெக்டேருக்கும் மேற்பட்ட செம்பனை நிலத்தில் இன்று ஒய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. செடெனாக்கிலும் அப்படியே. பால் மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இப்போது சர்வர்கள் நிற்கின்றன. அங்கே நம் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள். குளிரூட்டியைப் பழுது பார்க்கும் பிள்ளையாக இருந்தாலும், இரவுக் காவல் பார்க்கும் பிள்ளையாக இருந்தாலும், அந்தப் பெட்டிகளுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லதல்லவா?

எங்கள் பள்ளியின் அனுபவத்தையே சொல்கிறோம். கணினி அறையில் ஒரு பழைய கணினியைச் சர்வராக வைத்திருந்தோம். பிள்ளைகள் எந்த இணையப் பக்கங்களுக்குப் போகக்கூடாது, மதிப்பெண் ஏடுகளை எந்த ஆசிரியர் திறக்கலாம் என்பதெல்லாம் அதன் அமைப்புக் கோப்புகளில் இருந்தது. அது ஒரே நாளில் எழுதியதன்று. ஒரு பிள்ளை வேண்டாத பக்கம் ஒன்றில் போய்ச் சிக்கும்போதெல்லாம் ஒரு வரி சேரும். இப்படி இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த பட்டியல்.

முதலில் கையால்தான் படி எடுத்தோம். வெள்ளிக்கிழமை தோறும் என்று முடிவு. மூன்று வெள்ளி ஒழுங்காக நடந்தது. நான்காம் வெள்ளி விளையாட்டுப் போட்டி. ஐந்தாம் வெள்ளி பெற்றோர் கூட்டம். பிறகு யாருக்கும் நினைவில்லை. மனிதரை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று கிரோன் என்பதைப் பயன்படுத்தினோம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் 1970களிலிருந்தே இருக்கும் ஒரு கடிகாரக் காரியம் இது. நேரத்தையும் செய்ய வேண்டிய வேலையையும் ஒரே வரியில் எழுதி வைத்தால், பிரட்டுக்கு மணி அடிப்பதுபோல் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டுவதற்குத் தார் என்றொரு கட்டளை உண்டு. சாலையில் ஊற்றுகிற தார் அன்று! ஒவ்வொரு கோப்பும் யாருக்கு உரியது, யார் தொடலாம் என்ற குறிப்பையும் அது சேர்த்தே கட்டும். ஆகவே, இரவு இரண்டரை மணிக்கு மூட்டை கட்டி, பக்கத்து அறையில் உள்ள சேமிப்புத் தட்டுக்கு அனுப்பு என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ஒரு மாலை இடி மின்னல். ஜொகூர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் கருகிப்போயிற்று. நாங்கள் பதறவில்லை, போய்த் தட்டைத் திறந்தோம். ஓர் இரவுக்கு ஒரு மூட்டை என்று தேதி போட்டு அழகாக வரிசையில் இருந்தன. ஆனால் கடைசி நான்கு மாத மூட்டைகளின் அளவு பூஜ்யம். தட்டு நிரம்பிப் போயிருந்தது. உள்ளே வைக்க இடமில்லாமல், கணினி வெறும் பெயரை மட்டும் இரவு தோறும் எழுதி வைத்திருந்தது.

வேறு வழியின்றி நான்கு மாதத்துக்கு முந்தைய படியைக் கொண்டே வாயிலைத் திறந்தோம். மாற்றலாகிப் போன ஆசிரியரின் பெயர் அதில் இன்னும் இருந்தது. அவர் நினைத்தால் மதிப்பெண் ஏட்டைத் திறக்கலாம். இடையில் நாங்கள் தடுத்திருந்த ஒரு பக்கமும் மீண்டும் திறந்து கிடந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. உலகெங்கும் நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, நடப்புத் தரவை அழித்துவிட்டார். நாள்தோறும் தானாக எடுக்கப்பட வேண்டிய படியைத் தேடினார்கள், அது இல்லை. படி எடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால், அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த படிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் அவர்களே வெளியிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

படியை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இதைத் தோட்டத்தாருக்கு விளக்க வேண்டியதே இல்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளம் நினைவிருக்கும். சிகாமட், கோத்தா திங்கி, குளுவாங் எங்கும் தண்ணீர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை நகல் எடுத்துப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அசலும் நகலும் ஒரே தகரப் பெட்டியில் இருந்தன. தென்கொரியாவிலும் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் ஆவணங்கள் 858 டெராபைட் அழிந்தன. அளவு பெரிது என்பதால் வெளியே படி எடுத்து வைக்கவில்லையாம். நம் அமைப்புக் கோப்புகளோ மிகச் சிறியவை. எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆனால் ஒன்று. இந்தக் கோப்புகளில் கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கலாம். படி வேறு கைக்குப் போனால் வீட்டுச் சாவியே போனதுபோலத்தான். ஆகவே மூட்டையை மறைகுறியால் பூட்டி வைக்கிறோம். மறுவாயிலிலும் ஒரு காவல் உண்டு. சர்வர் படியை அனுப்புவதில்லை. வேறொரு கணினி வந்து எடுத்துக்கொண்டு போகிறது. சர்வருக்குள் திருடன் புகுந்தாலும் வெளியே உள்ள படிகளை அவனால் அழிக்க முடியாது.

செய்தி அனுப்பும் முறையையும் மாற்றினோம். முன்பு தோற்றால் செய்தி வரும் என்று வைத்திருந்தோம்; தட்டு நிரம்பியபோது அந்தச் செய்தியும் வரவில்லை. இப்போது மூட்டையைத் திறந்து பார்த்து, அளவு சரியாக இருந்தால்தான் காலையில் தொலைபேசிக்கு ஒரு வரி வரும். வராத காலையில் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் எங்கள் முன்னிலையில் வேறொரு பழைய கணினியில் அந்தப் படியை விரித்து, அது சர்வராக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பூட்டைத் திறக்கும் சொல்லை ஆசிரியர்தான் தட்டுவார். சென்ற முறை நாற்பது நிமிடம் ஆயிற்று. கணினியின் குற்றமன்று. அந்தச் சொல் எழுதிய தாள் தலைமையாசிரியரின் மேசை அறையில் பூட்டியிருந்தது. அவர் அன்று விடுப்பில். இப்போது இன்னொரு தாளை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, துணைத் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறோம்.