சர்க்கரை வியாதியும் தலைவிதியும்

(ஒரு கூட்டத்தில் பேசியது)



சர்க்கரை வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் வைத்தியனல்ல. ஆனால் வைத்தியர்கள் கண்டறிந்த உண்மைகளையும், நம் ஜனங்கள் அவ்வியாதியைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்கு வைத்தியனாயிருக்க வேண்டிய அவசியமில்லை.

முதலாவதாக, இது பணக்காரர் வியாதி என்கின்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்திய ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இவ்வியாதி இருக்கின்றது. வயது வந்தவர்களில் பட்டணங்களில் நூற்றுக்கு 16 பேர். கிராமங்களில் நூற்றுக்கு சுமார் 9 பேர். ஆகவே ஏரோட்டுகிறவனுக்கு இது வராது என்று சொல்லுவதில் அர்த்தமில்லை.

வந்தவர்களை "ஏன் வந்தது?" என்று கேட்டால், பூர்வஜென்ம பாவம் என்கிறார் ஒருவர், கிரகக் கோளாறு என்கிறார் மற்றொருவர். 1889-ல் ஜெர்மனியில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்கின்ற இருவர் ஒரு நாயின் வயிற்றிலிருந்து கணையம் என்னும் உறுப்பை எடுத்துவிட்டார்கள். உடனே அந்த நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தோழர்களே, அந்த நாய் பூர்வஜென்மத்தில் என்ன பாவம் செய்தது? அதன் ஜாதகத்தில் எந்தக் கிரகம் இடம் மாறிற்று? இடம் மாறியது கணையம் ஒன்றுதானே!

நாம் உண்ணும் சோறு, களி, இட்லி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றது. அது உடம்புக்குப் பயன்பட வேண்டுமானால் கணையத்தில் ஊறும் இன்சுலின் வேண்டும். இன்சுலின் ஊறாவிட்டாலும், ஊறியது சரிவர வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். இவ்வளவுதான் சங்கதி. இந்த இன்சுலினை 1921-ல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலியவர்கள் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில், சாகக்கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதைக் குத்தினார்கள். அவன் பிழைத்து மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். அதற்கு முன் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில காலம் உயிரை நீட்டுவதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி தெரியாது. அவனைக் காப்பாற்றியது விதியா, ஊசியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி முக்கியமான காரியத்திற்கு வருகிறேன். "எனக்கு ஒரு உபத்திரவமும் இல்லையே, நான் ஏன் இரத்தம் கொடுக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். இது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து கண்ணையும், சிறுநீரகத்தையும், இருதயத்தையும், காலின் உணர்ச்சியையும் கெடுக்கும் வியாதி. "மூத்திரத்தில் எறும்பு மொய்க்கவில்லை" என்று சிலர் தைரியமாயிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டிய பிறகுதான் மூத்திரத்தில் வரும். எறும்பு சாட்சி சொல்லும்வரை காத்திருப்பவன் காலம் கடந்து விழித்துக்கொள்ளுகிறவனே ஆவான்.

ஆகவே அளந்து பார்க்க வேண்டும். இராத்திரி முழுதும் சாப்பிடாமல் காலையில் எடுத்த இரத்தத்தில் 100-க்குக் கீழ் இருந்தால் நலம், 126-ம் அதற்கு மேலும் இருந்தால் வியாதி, இடைப்பட்டது எச்சரிக்கை. உபத்திரவம் ஒன்றும் தெரியாதவர்கள் மறுபடியும் ஒருமுறை சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்கின்ற சோதனையும் உண்டு, அதில் 6.5-ம் அதற்கு மேலும் வியாதி.

சிலர் சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியமிருந்து, நல்ல கணக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்? வைத்தியர் காலா புண்ணாகப் போகின்றது? மூன்று மாதச் சோதனை இந்தத் தந்திரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வீட்டிலேயே அளக்கக் குளுக்கோமீட்டர் என்னும் சிறு கருவி இருக்கிறது. விரலைச் சோப்பால் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் தொட்ட விரல் பொய்க் கணக்குக் காட்டும். ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் தொடக்கூடாது. சாப்பாட்டுக்கு முன்னா, சாப்பிட்டு இரண்டு மணி கழித்தா என்பதையும் சேர்த்து நோட்டில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். எழுதாத கணக்கு உதவாது. மருந்து சாப்பிடுகிறவருக்கு வியர்த்து, நடுங்கி, 70-க்குக் கீழ் இறங்கினால், நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடும்.

"வேரோடு பிடுங்குகிறேன், ஊசியை நிறுத்து" என்று மருந்து விற்க வருகிறவரிடம், "உமது மருந்துக்கு முன் கணக்கு என்ன, பின் கணக்கு என்ன, எத்தனை பேரிடம் சோதித்தீர், எங்கே எழுதி வைத்திருக்கிறீர்?" என்று கேளுங்கள். எடை குறைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவந்த பெரியவர்கள் உண்டு. அவர்களும் அளப்பதை விடக்கூடாது. ஆனால் இன்சுலினே ஊறாத குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும்.

தாய்மார்களே, இங்கேதான் பெரிய கொடுமை நடக்கின்றது. அப்படிப்பட்ட குழந்தை பெண்ணாயிருந்தால், "நாளைக்கு யார் கட்டிக்கொள்வான்?" என்று வியாதியை மறைக்கிறார்கள். விருந்தாளி வந்தால் ஊசியை ஒளிக்கிறார்கள். கலியாணமானபின் புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் அவளே ஊசியை விட்டுவிடுகிறாள். கண்ணாடி போட்டுக்கொள்வது மானக்கேடில்லை என்றால், ஊசி போட்டுக்கொள்வது மட்டும் எப்படி மானக்கேடாகும்? உண்மையைச் சொன்னதால் நின்றுபோகும் கலியாணம் நின்றே போகட்டும். பெண் உயிரோடு இருப்பாள். மறைத்து வாழ்கிற வாழ்வு மானமுள்ள வாழ்வாகாது.

30 வயது கடந்த ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கவும் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிறது. வீட்டிலுள்ள ஆண்களுக்கு மட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் சாப்பிடுகிற பெண்ணைச் சோதனையிலும் கடைசியில் விட்டுவிடாதீர்கள்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள்; பிறகு நம்புங்கள்.