கடல் தாண்டும் பேருந்து: வேலை யார் கையில்?



மலாக்கா சென்ட்ரலில் நிற்கும் விரைவுப் பேருந்துகளைச் சற்று உற்றுப் பாருங்கள். முன்பக்கம் ஸ்கானியா, வால்வோ என்று வெளிநாட்டுப் பெயர் மின்னும். வண்டி முழுவதும் சுவீடனிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. இஞ்சின், கியர், சக்கரங்கள் அடங்கிய அடிச்சட்டம், அதாவது சேஸி, வெளிநாட்டுத் தயாரிப்பு. அதன்மேல் கூரை, பக்கத் தகடு, கண்ணாடி, இருக்கை, குளிர்சாதனம் என்று பாடி கட்டுவது இந்த நாட்டுப் பட்டறைகள்.

பேருந்து வணிகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. ஒரு நிறுவனம் எந்த நாட்டுச் சந்தைக்குள் போனாலும், அந்த நாட்டுக் கைகளுக்கும் கொஞ்சம் வேலை கொடுத்தே ஆகவேண்டும். இதை நன்றாகக் காட்டும் வரலாறு நம் தாய்த்தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் சென்னை எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட்.

1948-இல் ரகுநந்தன் சரண் என்பவர் தம் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அன்று அதன் வேலை, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கொண்டு ஆஸ்டின் கார்களைப் பொருத்துவது மட்டுமே. பின்னர் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனம் பங்கு சேர, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1967-இல் டைட்டன் இரட்டை மாடிப் பேருந்து வெளிவந்தது. 1987-இல் பிரிட்டிஷார் வசமிருந்த பங்குகள் இந்துஜா குழுமத்தின் பக்கம் வந்தன. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த நிறுவனம், படிப்படியாகத் தானே வெளிநாட்டுக்கு வண்டி அனுப்பும் நிலைக்கு உயர்ந்தது.

எப்படி உயர்ந்தது? முதலில் அது பார்த்தது பக்கத்து வீட்டை. 1982-இல் இலங்கையில் லங்கா அசோக் லேலண்ட் என்ற கூட்டு நிறுவனம் அமைந்தது. இலங்கையின் சாலையும் வெயிலும் மழையும் கூட்ட நெரிசலும் தமிழ்நாட்டைப் போலவே இருந்தன. வண்டியும் அங்கே இடப்பக்கம்தான் ஓடுகிறது. வங்காளதேசமும் அப்படியே. 2018-இல் அந்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் 300 இரட்டை மாடிப் பேருந்துகளை இந்த நிறுவனத்திடம் கேட்டது.

அடுத்து வளைகுடா. அங்கே கதை வேறு. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் மாறவேண்டும்; பயணிகள் ஏறும் கதவு வலப்பக்கம் வரவேண்டும். பாலைவன வெயிலுக்குக் குளிர்சாதனம் இரு மடங்கு உழைக்கவேண்டும். எண்ணூரில் ஓடும் வண்டியை அப்படியே கப்பலேற்றினால் காரியம் ஆகாது. ஆகவே ஐக்கிய அரபு சிற்றரசுகளில் ஒன்றான ராஸ் அல் கைமாவில், அந்த அரசின் முதலீட்டு அமைப்போடு சேர்ந்து ஆலை அமைத்தார்கள். 2010-இல் அது திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளையும் தொழிலாளர்களையும் ஏற்றிச் செல்லும் பேருந்துகள் அங்கேயே உருவாயின.

ஆனால் எல்லாமே வெற்றிக் கதை என்று சொல்லிவிட முடியாது. 1984-இல் லேலண்ட் நிறுவனம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்த தன் பேருந்துப் பட்டறையை மூடியது. மறு ஆண்டே அதே பட்டறையில் ஆப்டேர் என்ற புதிய நிறுவனம் பிறந்தது. 2010-இல் அதில் பங்கு வாங்கிய அசோக் லேலண்ட், 2012-இல் பெரும்பங்குக்கே உரிமையாளர் ஆனது. ஒரு காலத்தில் தொழில் கற்றுக்கொடுத்தவர் கைவிட்ட பட்டறையின் வாரிசை, கற்றுக்கொண்டவர் வாங்கினார்! 2020-இல் அது ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறியது. 2022-இல் மும்பையில் குளிர்சாதன இரட்டை மாடி மின்பேருந்தை அறிமுகப்படுத்தியது. ஆயினும் 2025-இல், பிரிட்டனில் தேவை போதவில்லை என்று கூறி, அங்குள்ள ஷெர்பர்ன் ஆலையில் உற்பத்தியை நிறுத்துவது குறித்துத் தொழிலாளர்களோடு பேச்சைத் தொடங்கியது. பெயரையும் ஆலையையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். சந்தையை அப்படி வாங்க முடியாது என்பதே இதில் உள்ள பாடம்.

சரி, இதற்கும் மலாக்காவுக்கும் என்ன தொடர்பு?

அண்டை மாநிலமான ஜொகூரின் செனாயில் கெமிலாங் என்ற நிறுவனம் இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. இது இஞ்சின் செய்வதில்லை. பிறர் செய்த சேஸியின்மேல் அலுமினியப் பாடி கட்டுவதே இதன் தொழில். சிங்கப்பூரில் ஓடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கானியா பேருந்துகளுக்குப் பாடி கட்டியது இவர்கள்தான். ஹாங்காங், ஆஸ்திரேலியா வரை இவர்கள் வேலை போயிருக்கிறது. 2016-இல் ஹாங்காங் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. மூலப்பொருளோ இஞ்சினோ சொந்தமாக இல்லாமலே, கைத்திறனை மட்டும் நம்பி உலகச் சந்தைக்குப் போகலாம் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டுமா?

தமிழ்நாட்டின் கரூரும் அப்படித்தான். அந்த ஊர்ப் பட்டறைகள் பேருந்துப் பாடி கட்டியே பெயர் வாங்கின. வெல்டிங், தகடு வளைத்தல், மின்கம்பி இணைத்தல், இருக்கை தைத்தல், சாயம் அடித்தல் என்று ஒரு வண்டிக்குள் பத்துத் தொழில்கள் இருக்கின்றன.

1896-இல் தான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் பால் வெட்டினார்கள். அந்த ரப்பர் டயராகி உலகமெங்கும் உருண்டது. வெட்டியவர் வீடு லயத்திலேயே நின்றது. காரணம், பாலோடு அவர் வேலை முடிந்துவிட்டது. டயர் செய்யும் தொழில் வேறு எங்கோ நடந்தது.

இன்று நிலைமை வேறு. அலோர் காஜா பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார் ஆலை இயங்குகிறது. அதே வட்டாரத்தில் அட்டெக் தொழிற்பயிற்சி மையமும் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு மலேசியத் திறன் சான்றிதழ் ஒரு கதவு. மின்பேருந்து பெருகப் பெருக, உயர் அழுத்த மின்கம்பி வேலை தெரிந்தவரைத் தேடித்தான் ஆலைகள் வரும்.

ஆகவே பெற்றோர்களே, "படிப்பு வரவில்லை, ஏதாவது ஆலையில் சேர்த்துவிடுவோம்" என்று சொல்லாதீர்கள். தொழிற்கல்வி என்பது படிப்பு வராதவனுக்கு இட்ட தண்டனை அல்ல. எந்த நாட்டுச் சேஸி வந்து இறங்கினாலும் அதன்மேல் வேலை செய்யும் திறன் கொண்டவன் வேலை தேடி அலையமாட்டான். பிள்ளை எந்தத் தொழிலில் சேரப் போகிறான், அதற்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள்.