வளரும் அலுவலகத்திற்குக் கணிப்பொறித் திட்டம்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பற்றியோ சமுதாய ஒற்றுமையைப் பற்றியோ பேசுவதே மரபு. நமக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, சங்க அலுவலகத்தின் கணிப்பொறி வசதிகளைத் திட்டமிடுதல் என்பது. "இது கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டிய செய்தி அன்றோ? இதற்கு ஒரு சொற்பொழிவு எதற்கு?" எனச் சிலர் எண்ணலாம். கடைக்காரர் பொறியின் விலையைக் கூறுவார். நம் ஏடுகளின் விலையை அவர் அறியார். அதனை அறிந்தவர்கள் நாமே.

ஏடு இல்லாதவனுக்கு வழக்கு இல்லை என்பதைத் துன்பப்பட்டு அறிந்தவர்கள் நம் மக்கள். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டில் அன்றைய சென்னை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என வழங்கும் அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றது. இன்று அவற்றை மீட்க முயலும் ஊரார் முதலில் தேடி அலைவது எதனை? பழைய பதிவேட்டின் படியைத்தான்.

பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டில் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1914ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்து பலரையும் சென்றடைந்தது 1999ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பழைய தாள்களை யாரோ சிலர் பேணி வைத்திருந்தனர். அவர்கள் இல்லையெனில் நமக்கு அந்நூல்கள் ஏது? சேர்த்து வைத்தலும் சமுதாயத் தொண்டே. இன்று நம் ஏடுகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. அவற்றைக் காக்கும் முறையை நாம் கற்றாக வேண்டும்.

நம் சங்கத்தில் நேர்ந்த ஒன்றை மறைக்காமல் கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில், அலுவலகத்தில் இருந்த ஒரே கணிப்பொறியின் வன்தட்டு பழுதாயிற்று. மூன்றாண்டு மாணவர் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் அதற்குள் இருந்தன. இணையக் கணக்கின் கடவுச்சொல்லை அறிந்திருந்த ஒரே தம்பி வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டார். பழுது பார்ப்பவர் கையை விரித்தார். அன்று நம்மைக் காத்தது, நம் மூத்த செயலாளர் கைப்பட எழுதி வைத்திருந்த பழைய பேரேடு. அதில் ஏறாத மாணவர்களோ சான்றிதழ்ப் படிகளைத் தூக்கிக்கொண்டு மீண்டும் நடந்தனர். ஒரு நாள் கூலியை இழந்து உடன் வந்த பெற்றோரின் முகத்தை நாம் மறக்கவில்லை. குற்றம் அத்தம்பியுடையதன்று, பொறியினுடையதும் அன்று. திட்டமின்றி வாங்கி, ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் சுமத்திய நம்முடையதே.

ஆகவே நம் திட்டத்தின் அடிப்படை விதி ஒன்றே. ஒரு பொறி பழுதானாலும், ஒருவர் விலகினாலும், சங்கத்தின் பணி ஒரு நாளைக்கு மேல் நிற்றலாகாது. இனிக் கூறுவன யாவும் இவ்விதியின் விரிவே.

முதலாவது, பொறியை எண்ணுமுன் பணியை எண்ணுதல் வேண்டும். உறுப்பினர் பதிவேடு, உதவித்தொகை விண்ணப்பம், மாலை வகுப்பு, வரவு செலவு, கடிதப் போக்குவரத்து என ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுக. ஒவ்வொன்றிற்கும் எதிரே, அதனைச் செய்பவர் யார், அது எத்தனை நாள் நின்றால் தாங்கலாம், எத்தனை ஆண்டுகள் அதன் ஏடுகளைக் காக்க வேண்டும் என்று குறிக்க. இன்று நால்வர் அமரும் அலுவலகத்தில் மூன்றாண்டிற்குப் பின் பத்துப் பேர் அமர்வர் எனில், அப்பத்துப் பேரை மனத்திற் கொண்டே சுவரையும் கம்பியையும் அமைத்தல் வேண்டும். பொறிகளை மட்டும் இன்றைக்கு வேண்டிய அளவே வாங்கினால் போதும். பொறியைப் பின்னர்ச் சேர்க்கலாம். பூசிய சுவரை மீண்டும் உடைப்பது வீண் செலவு.

இரண்டாவது, மின்சாரமும் கம்பியும். நில இணைப்பு, அதாவது 'எர்த்', சரியாக உள்ளதா என மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். மின்தடையின்போது பணியைச் சேமித்துப் பொறியை முறையாக நிறுத்துவதற்கு யு.பி.எஸ். வேண்டும். அதன் மின்கலம் பொதுவாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகளே உழைக்கும். மாற்ற வேண்டிய நாளை அதன் மீதே எழுதி ஒட்டுக. லேசர் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் இணைத்தலாகாது. அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தை யு.பி.எஸ். தாங்காது.

நிலையாக அமர்ந்து பணி செய்யும் இடங்களுக்குக் கம்பி இணைப்பே சிறந்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒன்றிற்கு இரண்டாகக் கம்பி இழுத்து வைத்தல் நன்று. ஸ்விட்சிலிருந்து கணிப்பொறி வரை அக்கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டலாகாது. ஸ்விட்ச் வாங்கும்போது இன்றைய தேவையைப் போல் இரு மடங்கு இணைப்பிடங்கள் உள்ளதை வாங்குக. மாலை வகுப்பு மாணவர்களுக்கு வைஃபை கொடுக்க வேண்டியதே. ஆயின் அதனை அலுவலக இணைப்பிலிருந்து பிரித்துத் தனிப் பெயரில், தனிக் கடவுச்சொல்லுடன் அமைக்க வேண்டும். பிள்ளைகள்மீது ஐயங்கொண்டு இதனைக் கூறவில்லை. ஒருவர் கைப்பேசியில் புகுந்த தீநிரல் கணக்கேட்டை எட்டாமலிருக்கவே கூறுகின்றோம்.

மூன்றாவது, பொறிகள். நன்கொடையாக வரும் பழைய கணிப்பொறிகளை நன்றியோடு பெறுவோம்; ஆராயாமல் பணியில் அமர்த்தமாட்டோம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பழைய பொறிகள் பல அதன் அடுத்த பதிப்பை ஏற்கமாட்டா. அத்தகையவற்றில் கட்டணமில்லாத லினக்ஸையும் லிப்ரே ஆஃபிசையும் ஏற்றி மாணவர் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். திருத்தங்களை உரிய காலத்தில் ஏற்றாமையால் விளையும் கேட்டினை உலகம் 2017 மே மாதத்தில் கண்டது. வான்னாகிரை என்னும் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது.

நான்காவது, எழுத்து. நம் அலுவலகத்தின் பழைய கடிதங்கள் சில இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. அவற்றைத் தட்டச்சு செய்த எழுத்துரு இன்றைய பொறியில் இல்லை. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரங்களுள் ஒன்றாக ஏற்று ஆணையிட்டது. இனி நம் அலுவலகத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருங்குறியிலேயே அமைதல் வேண்டும். பழையவற்றை மாற்றும் பணியை, படித்த இளைஞர் இருவர் ஒரு கோடை விடுமுறையில் ஏற்பார்களாயின் அது பெருந்தொண்டாகும்.

ஐந்தாவது, காப்புப் படி. இதனை மட்டுமேனும் மனத்திற் பதித்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள். அவை இருவேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறோர் ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். இரண்டு வன்தட்டுகளில் ஒரே நேரத்தில் பதியும் பெட்டியை வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் கருதுவர். ஒரு தட்டில் தவறுதலாக அழித்தது மறு தட்டிலும் அக்கணமே அழியும். ஆதலின் அது காப்புப் படி ஆகாது. ஒரு படியேனும் பதிந்தபின் கணிப்பொறியிலிருந்து கழற்றி வைக்கப்பட வேண்டும். இணைந்தே இருப்பதைத் தீநிரலும் எட்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலும் வெள்ளம் வீட்டிற்குள் புகுந்ததை மறந்தோமில்லை. தரையில் வைத்த பொறியும், அதனருகே வைத்த படியும் ஒருங்கே நீரில் மூழ்கும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அப்படியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்த்துக் குறிப்பேட்டில் கையொப்பமிட வேண்டும். திறந்து பாராத படி, உள்ளே பணம் இருப்பதாக நம்பிப் பூட்டி வைத்த வெறும் பெட்டி போன்றது.

ஆறாவது, சாவி யாரிடம்? சங்கத்தின் இணையப் பெயர், மின்னஞ்சல், மென்பொருள் உரிமம் யாவும் சங்கத்தின் பெயரிலேயே பதிவாதல் வேண்டும். எவ்வளவு நல்லவராயினும் தனி ஒருவர் பெயரில் கூடாது. தலைமைக் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பொருளாளரிடம் வைத்து, பொறுப்பாளர் இருவர் முன்னிலையிலேயே திறக்க வேண்டும். கைப்பேசிக்கு எண் வரும் இரட்டைச் சரிபார்ப்பு முறையில், அந்தக் கைப்பேசி சங்கத்தினுடையதாக இருக்கட்டும். ஒருவர் பணியிலிருந்து விலகும் நாளில் மாலை அணிவித்து வாழ்த்துவோம். அன்றே கடவுச்சொற்களையும் மாற்றுவோம். இரண்டும் மரியாதையே.

ஏழாவது, மாணவரின் மானம். நம் பெட்டியில் இருப்பவை வெறும் காகிதங்கள் அல்ல. சாதிச் சான்றிதழ், ஆதார் படி, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு எண் ஆகியவை. சாதியைக் கேட்டு வாடகை வீடு மறுக்கும் நாட்டில், ஒரு மாணவியின் சான்றிதழ் தேவையற்றவர் கைப்பேசிக்குச் செல்வது சிறு பிழையா? தனிநபர் தரவுப் பாதுகாப்பிற்கென 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் கூறுமுன்னரே நம் மனச்சான்று கூறியிருத்தல் வேண்டும். சான்றிதழ்ப் படிகளை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்தலாகாது. உரிய பொறுப்பாளர் இருவர் மட்டுமே திறக்கக்கூடிய கோப்புறையில் வைத்து, பணி முடிந்தபின் தேவையற்றவற்றை அழித்தல் வேண்டும்.

எட்டாவது, பணம். கிடைத்த நன்கொடை முழுவதையும் பொறிகளுக்கே செலவிட்டு, அடுத்த ஆண்டு இணையக் கட்டணத்திற்குக் கை பிசைதல் கூடாது. ஒரு கணிப்பொறியின் உழைப்புக் காலத்தை ஐந்தாண்டு எனக் கொள்வோமாயின், பத்துப் பொறிகள் உள்ள அலுவலகம் ஆண்டுக்கு இரண்டு பொறிகளை மாற்றியாக வேண்டும். அதற்குரிய தொகையை ஆண்டுதோறும் தனியே ஒதுக்குக. மின்கலம், பழுதுபார்ப்பு, இணையச் சேமிப்பு, பணியாளர் பயிற்சி ஆகியவற்றையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித்தனித் தலைப்புகளாகக் காட்டிப் பொதுக்குழுவின் ஒப்புதலைப் பெறுக.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். தம் ஒருவரின் அறிவோடு நிற்காமல், தமக்குப் பின்னும் நிலைத்து நிற்கும் நிறுவனத்தை எழுப்பினார். தனி மனிதர் ஆற்றலை நிறுவனத்தின் ஆற்றலாக மாற்றுவதே அதன் பொருள். நம் சிறிய அலுவலகத்திலும் அதனையே வேண்டுகின்றோம்.

ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவரை இவ்வாண்டே இப்பணிக்குத் தேர்ந்தெடுப்போம். அவர்கள் தாம் கற்றதை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைப்பார்கள். அடுத்த ஆண்டு வேறு இருவருக்குக் கற்பிப்பார்கள். மூத்த செயலாளரின் பேரேடு நம்மைக் காத்தது போல, நீங்கள் எழுதும் அந்நோட்டு நாளைய பிள்ளைகளைக் காக்கும். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு எந்தப் பெற்றோரும் இரண்டாம் முறை நடக்கலாகாது. அதற்காகவே இத்தனையும் கூறினோம்.